சட்டாம்பிள்ளை லண்டன் போன கதை

"பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி பேசாதே!" என்று வீட்டிலோ ஹாஸ்டலிலோ யாராவது யாரையாவது திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். யாரும் கேட்காமலே அதிகாரம் பண்ணுகிறவனுக்கு நம் ஊரில் வைத்திருக்கும் பெயர் அது. ஒரு நாடு இன்னொரு நாட்டை மிரட்டினால் "சட்டாம்பிள்ளைத்தனம்" என்று பத்திரிகைகளே எழுதுகின்றன. ஆனால் இந்த வார்த்தை பிறக்கும்போது திட்டாகப் பிறக்கவில்லை. அது ஒரு பதவி. சம்பளம் கிடையாது, நியமன உத்தரவு கிடையாது, வயது வரம்பும் கிடையாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் முன்னால் படித்துவிட்ட பையன், பின்னால் வருகிற பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், வாத்தியார் இல்லாதபோது பார்த்துக்கொள்ள வேண்டும். அவன்தான் சட்டாம்பிள்ளை.

இந்தச் சட்டாம்பிள்ளை ஒரு காலத்தில் கப்பல் ஏறி இங்கிலாந்து போனான். அங்கே லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தான். அந்த முறைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரே "மெட்ராஸ் சிஸ்டம்". கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையை முழுசாகப் படித்தால் பெருமைப்படுவதா, எரிச்சல் படுவதா என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் திண்ணையில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். 1823ல் பெல்லாரி மாவட்டக் கலெக்டராக இருந்த கேம்ப்பெல் என்பவர், தன் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி மெட்ராஸ் அரசாங்கத்துக்கு ஒரு நீண்ட அறிக்கை அனுப்பினார். (பெல்லாரி இன்றைக்குக் கர்நாடகம், அன்றைக்கு மெட்ராஸ் மாகாணம்.) அதில் பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தை ரசனையோடு எழுதியிருக்கிறார். காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள், அது கௌரவம். இரண்டாவது வருகிறவன் கையில் ஒரு பூஜ்யம், பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு மெதுவாக ஒரு அடி. நான்காவது ஆளுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வருகிறவன் கதியை நினைத்துப் பாருங்கள்! அட்டெண்டன்ஸ் குறைந்தால் அபராதம் கட்டச் சொல்லும் கல்லூரிகள் எவ்வளவோ தேவலை.

எல்லோரும் வந்த பிறகு பையன்களை நான்கு வகுப்பு போலப் பிரிப்பார்கள். மேல் வகுப்புகளை வாத்தியாரே பார்ப்பார். கீழ் வகுப்புகள் சட்டாம்பிள்ளைகள் பொறுப்பில். எழுத்து பழகுவது மணலில், விரலால். கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். காகிதச் செலவு கிடையாது, பலகைச் செலவு கிடையாது. தப்பாகப் போட்டால் கையால் தடவிவிட்டு மறுபடி போட வேண்டியதுதான்.

இது ஏதோ ஒரு ஊரின் வழக்கம் அல்ல. அதற்கும் 200 வருடம் முன்னால், 1623ல், பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி கர்நாடகத்தில் இக்கேரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு கோயில் மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, எண்களை ராகத்தோடு சொல்லிக்கொண்டே விரலால் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பக்கத்தில் வாத்தியார் இல்லை. யாருக்காவது மறந்துவிட்டால் யார் திருத்துவார்கள் என்று அவர் கேட்டார். நான்கு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் மறக்காதே, ஒருத்தரை ஒருத்தர் திருத்திக்கொள்வோம் என்கிற மாதிரி பையன்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த மனுஷன் அசந்துபோய் அதை எழுதி வைத்தார். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நடக்கும் கம்பைண்ட் ஸ்டடியின் மொத்தத் தத்துவமும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது :-)

இனி கதாநாயகன் வருகிறார். ஆண்ட்ரூ பெல். 1753ல் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் ஒரு முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் படித்து, சில வருடம் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் டியூஷன் மாஸ்டராக இருந்து, பிறகு பாதிரியாராகி, 1787ல் மெட்ராஸ் வந்து இறங்கினார். வந்த வேகத்தில் ராணுவப் படைகளுக்குப் பாதிரியார் வேலையை ஒன்றல்ல, பலவாக வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் தனிச் சம்பளம். ஆள் பணத்தில் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. 1789ல் எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த ஆண்கள் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஆச்சரியம் என்னவென்றால், இந்த வேலைக்கு மட்டும் அவர் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பள்ளி இருந்தது பழைய எழும்பூர்க் கோட்டையில், இப்போது எழும்பூர் ரயில் நிலையம் நிற்கும் இடத்தில்.

அங்கே படித்த பையன்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். அப்பா இறந்திருப்பார், அல்லது ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். சமூகத்தில் இரண்டு பக்கமும் வேண்டாத பிள்ளைகள். பள்ளியில் இருந்த ஆசிரியர்களோ அக்கறை இல்லாதவர்கள். அரிச்சுவடியைச் சொல்லிக் கொடுக்கவே மாதக்கணக்கில் இழுத்தார்கள்.

ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது பெல் ஒரு திண்ணைப் பள்ளியைப் பார்த்தார். அன்றைய ஆங்கிலேயர் பேச்சில் தமிழுக்கு "மலபார்" என்று பெயர், அதனால் அவர் வரலாற்றை எழுதினவர்கள் "மலபார் பள்ளி" என்கிறார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்திக்கொண்டு பெல் பள்ளிக்குத் திரும்பினார் என்பது கதை. உடனே கீழ் வகுப்பு ஆசிரியரிடம் மணலில் எழுதவைக்கச் சொன்னார். அவர் செய்யவில்லை, இதெல்லாம் நடக்காது என்றார். (புது முறை என்றதும் ஸ்டாஃப் ரூமில் வரும் முதல் பதில் எந்த நூற்றாண்டிலும் இதுதான் போலிருக்கிறது.) பெல் சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டார். சாதாரணச் சிப்பாயின் மகன். அந்த வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார்.

பெரியவர் முடியாது என்றதை எட்டு வயதுப் பையன் செய்து காட்டினான். பிறகு ஒவ்வொரு வகுப்பும் பையன்கள் கைக்கே போனது. பெல் அடியையும் குறைத்தார். தப்பு செய்தவன் பெயர் ஒரு நோட்டில் ஏறும். பிறகு மாணவர்களே பஞ்சாயத்து மாதிரி உட்கார்ந்து தீர்ப்பு சொல்வார்கள்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. 1792 உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானின் இரண்டு மகன்களை ஆங்கிலேயர் பிணையாக மெட்ராஸில் வைத்திருந்தார்கள் அல்லவா? 1794ல் அவர்களைத் திருப்பி அனுப்பியபோது கூடப் போன குழுவில் பெல்லின் மாணவன் வில்லியம் ஸ்மித்தும் இருந்தான். அறிவியல் கருவிகளோடு போய், திப்புவின் முன்னால் சோதனைகள் செய்து காட்டினான். யாருக்கும் வேண்டாத ஒரு அனாதைப் பையன், மைசூர் சுல்தானுக்கு வகுப்பு எடுத்திருக்கிறான்! இதைப் படமாக எடுக்க ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

1796ல் உடல்நிலை சரியில்லாமல் பெல் ஊர் திரும்பினார். வரும்போது கையில் நூற்றுச் சொச்சம் பவுண்டு, போகும்போது 25,000 பவுண்டுக்கு மேல். 1797ல் லண்டனில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். மெட்ராஸ் ஆண்கள் விடுதியில் செய்த கல்விச் சோதனை என்பதுதான் தலைப்பின் சாரம். ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு பள்ளி தனக்குத்தானே கற்பித்துக்கொள்ள முடியும் என்பது அதன் வாதம். 1798ல் லண்டன் ஆல்ட்கேட்டில் ஒரு தர்மப் பள்ளி அதை முதலில் எடுத்துக்கொண்டது.

அதே 1798ல், தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் இருபது வயதான ஜோசப் லங்காஸ்டர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார். இவர் குவேக்கர் சபைக்காரர். பிள்ளைகள் குவிந்தார்கள், உதவி ஆசிரியர் வைக்கக் காசு இல்லை. மாணவர்களையே மானிட்டர்களாக்கினார். பெல்லின் புத்தகத்தையும் படித்தார், முதலில் நன்றியும் சொன்னார். ஆனால் கதையின் போக்கை மாற்றியது லங்காஸ்டரின் கணக்குதான், அதில்தான் காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

ஒரு ஆசிரியர், ஒரே கூடம், 1000 பிள்ளைகள். பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு மானிட்டர். ஆளுக்கு ஒரு புத்தகம் வேண்டாம், பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினால் ஒரே புத்தகம் மொத்தப் பள்ளிக்கும் போதும். காகிதத்துக்குப் பதில் சிலேட்டும் மணலும். இப்படிச் சுருக்கிச் சுருக்கி, ஒரு பையனுக்கு ஆகும் செலவை வருடத்துக்குச் சில ஷில்லிங் என்று கொண்டுவந்துவிட்டார். மேன்செஸ்டரில் பஞ்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. யூனிட் காஸ்ட் குறைகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? 1805ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே லங்காஸ்டரைப் பார்த்துப் பேசி ஆதரவு தந்தார்.

தண்டனையில் மட்டும் இவர் பெல்லுக்கு நேர் எதிர். அடிக்கக்கூடாது என்பது கொள்கை, ஆனால் அதற்குப் பதிலாகக் கண்டுபிடித்தது எல்லாம் அதைவிட மோசம். கழுத்தில் கட்டையைக் கட்டினார். கூடையில் உட்காரவைத்து எல்லோரும் பார்க்கக் கூரையில் தொங்கவிட்டார். நம் திண்ணை வாத்தியார்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. கையைக் கட்டி விட்டத்தில் தொங்கவிடும் கோதண்டம் இங்கே பிரசித்தம், கேம்ப்பெல் அறிக்கையிலும் அது இருக்கிறது. இந்த ஐடியா கப்பலில் போகவில்லை, இரண்டு ஊரிலும் தனித்தனியாக முளைத்தது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது சண்டை. இந்த முறையைக் கண்டுபிடித்தது யார்? பெல்லா, லங்காஸ்டரா? ஆங்கிலத் திருச்சபை பெல் பக்கம், மற்ற சபையினரும் சீர்திருத்தக்காரர்களும் லங்காஸ்டர் பக்கம். கவிஞர்கள் சவுத்தியும் கோலரிட்ஜும் பெல்லுக்காகப் பேசினார்கள். 1808ல் லங்காஸ்டர் ஆட்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். 1811ல் திருச்சபை நேஷனல் சொசைட்டி என்று போட்டிச் சங்கம் வைத்தது. இரண்டு சங்கமும் போட்டி போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் பள்ளி திறந்தன. 1832ல் பெல் இறந்தபோது பிரிட்டனிலும் காலனிகளிலும் 12,000க்கு மேல் பள்ளிகள் அவருடைய முறையில் நடந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள்.

இவ்வளவு பெரிய சண்டையில் ஒரு பெயர் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. திண்ணைப் பள்ளி வாத்தியார். மணலை அங்கிருந்து எடுத்தேன் என்பதை பெல் ஒப்புக்கொண்டார். ஆனால் பையனைக் கொண்டு பையனுக்குக் கற்பிப்பது தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கடைசிவரை சாதித்தார். குதிரையில் இருந்தபடி பார்த்தவர் கண்ணுக்கு மணல் தெரிந்தது, சட்டாம்பிள்ளை தெரியவில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். கேம்ப்பெல் அப்படி நினைக்கவில்லை. மேல் படிப்புப் பையன்கள் கீழ் படிப்புப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அதனாலேயே தங்கள் படிப்பையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் இந்த ஏற்பாடு போற்றத்தக்கது, இங்கிலாந்து இதைக் காப்பியடித்தது நியாயமே என்கிற பொருளில் அரசாங்கத்துக்கே எழுதினார். ஒரு கம்பெனி அதிகாரி, கம்பெனி அரசாங்கத்துக்கு எழுதியது! இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அவர் அறிக்கை எழுதியதற்குக் காரணம் கவர்னர் தாமஸ் மன்றோ. 1822ல் மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826ல் அவர் தொகுத்த கணக்கில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரி 15 பேர். பெல்லாரியில் மட்டும் 533 பள்ளிகள், 6,641 பேர், சராசரி 12.

அந்த 12ஐ லங்காஸ்டரின் 1000 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பன்னிரண்டு பேரில் சட்டாம்பிள்ளையாக இருப்பவன் காலையில் சொல்லிக் கொடுத்துவிட்டு மதியம் அதே வாத்தியாரிடம் தன் பாடத்தைப் படிக்கிறான். அவன் தப்பாகச் சொன்னால் வாத்தியார் காதில் விழும். பின்னால் இருப்பவனுக்கு எங்கே இடறும் என்பது அவனுக்குத் தெரியும், போன வருடம் அவனே இடறிய இடம்தானே! ஆயிரம் பேர் கூடத்திலோ அவன் மேஸ்திரி. மேலே இருந்து வரும் கட்டளையைக் கீழே கடத்துவான். வாயைத் திற, எழுத்தைச் சொல், சிலேட்டைக் காட்டு, உட்கார். அவனுக்கே புரியாததை அவன் எப்படிப் புரியவைப்பான்? இங்கிலாந்து எடுத்துக்கொண்டது திண்ணையின் செலவுக் கணக்கை. கற்பிப்பவனும் கற்கிறான் என்ற பகுதி பேலன்ஸ் ஷீட்டில் எழுத முடியாத சொத்து, அதனால் விட்டுப்போய்விட்டது. லங்காஸ்டர் பள்ளியின் லத்தீன் வாசகமே "கற்பிப்பவன் கற்கிறான்" என்பதுதான் என்பது வேறு விஷயம்.

அதனால்தான் அங்கே அது நிலைக்கவும் இல்லை. பத்து வயதுப் பையன்கள் அரைகுறையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்ற புகார் வலுத்து, 1846ல் பதின்மூன்று வயதுக்கு மேல் ஐந்து வருடம் முறையாகப் பயிற்சி எடுக்கும் மாணவ ஆசிரியர் திட்டத்தை அரசே கொண்டுவந்தது. மானிட்டர் மெல்ல மறைந்தான். 1862ல் இன்னொரு புதுமை: பரீட்சையில் எத்தனை பேர் தேறுகிறார்களோ அதைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம். ரிசல்ட்டுக்கு ஏற்ற மானியம் பிறகு மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று இன்றும் பள்ளிகள் பேனர் கட்டுவதன் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் இங்கே ஆரம்பிக்கலாம்.

லங்காஸ்டர் கதை பரிதாபம். கடன் கழுத்தை நெரித்து, சொந்தச் சங்கத்தாரோடு சண்டை போட்டு, 1818ல் அமெரிக்கா போனார். பிறகு கராகஸில் பொலிவாரின் ஆதரவோடு பள்ளி வைத்தார், அதுவும் பணத்தகராறில் முடிந்தது. 1838ல் நியூயார்க்கில் குதிரை வண்டி மோதி இறந்தார்.

இதற்கிடையில் திண்ணை என்ன ஆனது? அதைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. 1983ல் தரம்பால் இந்தக் கலெக்டர் அறிக்கைகளை எல்லாம் ஒரே புத்தகமாக வெளியிட்ட பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடியது. அந்தப் புத்தகம் அவசியம் படிக்க வேண்டியதுதான். தமிழ் மாவட்டங்களில் பள்ளிக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் பிராமணர் அல்லாதவர்கள் என்று அட்டவணைகள் காட்டுவது பலருடைய எண்ணத்தை மாற்றியது உண்மை. ஆனால் அதே அட்டவணைகளில் பெண்கள் மாகாணம் முழுக்கச் சேர்த்தும் ஐயாயிரத்துக்குக் குறைவு. பெல்லாரியில் 60 பேர். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் ஏற இடம் இருந்ததா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும். கேம்ப்பெல்லும் பாராட்டோடு நிறுத்தவில்லை. செய்யுள்களைப் பொருள் தெரியாமல் கிளி மாதிரி ஒப்பிக்கிறார்கள், வாத்தியாருக்கே அர்த்தம் தெரியவில்லை என்று குறையும் எழுதியிருக்கிறார்.

அவர் எழுதிய முக்கியமான விஷயம் இன்னொன்று. இங்கிலாந்துத் துணி வந்து இறங்கியதில் கைத்தொழில் செய்தவர்கள் நொடித்துப் போனார்கள். வரிப்பணம் நாட்டைவிட்டு வெளியே போகிறது. பிள்ளைகள் கை கால் அசைக்கும் வயது வந்ததும் வேலைக்குப் போகிறார்கள். முன்பு பள்ளி இருந்த பல கிராமங்களில் இப்போது இல்லை. அதாவது, சட்டாம்பிள்ளை லண்டனிலும் மேன்செஸ்டரிலும் கொடிகட்டிப் பறந்த அதே வருடங்களில், அவன் பிறந்த மாகாணத்தில் திண்ணைகள் காலியாகிக்கொண்டிருந்தன. வாத்தியார்களின் வருமானம் மாதம் ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை, அந்தக் காசுக்குத் தகுதியான ஆள் எப்படி வருவான் என்று மன்றோவே எழுதினார். அரசுச் செலவில் பள்ளிகள் திறக்கத் திட்டம் போட்டார். 1827ல் காலராவில் அவர் இறந்ததும் திட்டம் தள்ளாடி, சில வருடத்தில் நின்றுபோனது.

வங்காளத்தில் நடந்ததுதான் உச்சகட்ட வேடிக்கை. 1814ல் சின்சுராவில் ராபர்ட் மே என்ற மிஷனரி, இங்கிலாந்தின் புதிய முறை என்று மானிட்டர் முறையில் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார். பருத்தி இங்கிருந்து போய் துணியாகத் திரும்பி வந்தது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடம் சொல்லும் முறையும் அதே வழியில் போய்த் திரும்பியது பாடப்புத்தகத்தில் இல்லை.

1991ல் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தன் வகுப்பில் விரிவுரையை நடுநடுவே நிறுத்தினார். ஒரு கேள்வி கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னார். இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவனுக்கு, இன்னும் புரியாதவன் எங்கே சிக்கியிருக்கிறான் என்பது தெரிகிறது, முப்பது வருடம் பாடம் எடுத்த பேராசிரியருக்கு அது மறந்துவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். இன்று உலகம் முழுக்கப் பல பல்கலைக்கழகங்களில் அது நடக்கிறது. ஒருவேளை கோயில் மண்டபத்துப் பையன்கள் நான்கு பேரும் கேட்டிருந்தால், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள்.

பெல் தன் சொத்தில் பெரும் பகுதியைக் கல்விக்கே எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் 1833ல் அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளி திறந்தார்கள். மெட்ராஸ் காலேஜ் என்று பெயர். இங்கே 1996ல் மெட்ராஸ் சென்னையாகிவிட்டது. அங்கே ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் இன்னமும் மெட்ராஸுக்குத்தான் படிக்கப் போகிறார்கள்.